ஏர் ரைஃபிள் முனையில் குழாய் மாட்டிய பின் குறி நகர்ந்தால் சரிசெய்வது எப்படி?

ரைஃபிள் முனையில் சைலன்சர் மாட்டினால் குண்டு விழும் இடம் நகர்வதை வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் நன்கு அறிவார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் ஓசையைக் குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருப்பதால், அந்தப் பேச்சு நமக்கு வேண்டியதில்லை. ஆனால் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சியில் முனையில் நீட்டிப்புக் குழாயும் எடைவளையமும் மாட்டுகிறவர்களுக்கும் இதே சிக்கல் வருகிறது. முனையில் எடை கூடும்போது பேரலின் (குண்டு வெளியேறும் குழலின்) அதிர்வும் வளைவும் மாறுவது இதற்குப் பொதுவான காரணம். நம் குழாயில் இன்னொன்றும் சேர்கிறது: குறிபார்க்க உதவும் முன் சைட் அதன் மேல் அமர்வதால், குறிபார்க்கும் கோடே புதிதாகிவிடுகிறது.

குழாயை மாட்டுவதற்கு முன், ரைஃபிளை மணல்மூட்டையில் தாங்கி, ஒரே பெட்டியின் பெல்லட்டுகளால் புது அட்டையில் 10 முறை சுட்டு, துளைக் கூட்டத்தின் நடுவைக் குறித்து வையுங்கள்.

கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளில் அலுமினியக் குழாயை நன்றாகவே கடைந்து தருவார்கள். உட்துளையும் வெளிப்புறமும் ஒரே மையத்தில் சுழல்கின்றனவா என்று டயல் கேஜ் (நுண்ணளவுமானி) வைத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். சர்வதேசப் போட்டி விதிப்படி குழாயில் துளையிடக் கூடாது. ரைஃபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

அடுத்தது மாட்டும் வேலை. இங்கே அவசரம் கூடவே கூடாது. முன் சைட் பேரலின் நடுக்கோட்டிலிருந்து 35 மி.மீ. உயரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். குழாய் ஒரே ஒரு டிகிரி திரும்பிப் பொருந்தினாலும் சைட் 0.6 மி.மீ. பக்கவாட்டில் விலகும். இரு சைட்டுகளுக்கும் இடையே 900 மி.மீ. இருந்தால், அது 10 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ. ஆகிறது. அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.தான் என்பதால், கிட்டத்தட்ட மூன்று வளையம் கைவிட்டுப் போகும். முன் சைட் வலப்புறம் சாய்ந்தால் குண்டு இடப்புறம் விழும். கண்மதிப்பை நம்பாமல், ரைஃபிளைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தி, பின் சைட்டின் தண்டவாளத்தில் சிறு ரசமட்டத்தை வைத்துச் சமப்படுத்துங்கள். பிறகு அதையே முன் சைட்டின் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்து, திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சாதாரண ஆலன் சாவியைவிட, இறுக்கத்தை அளந்து திருப்பும் டார்க் ரெஞ்சையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கம் கிடைக்கிறது.

இப்போது மீண்டும் மணல்மூட்டையில் 10 குண்டுகள். பிறகு குழாயைக் கழற்றி, மறுபடி மாட்டிச் சுடுங்கள். குறி எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட, மாட்டும்போதெல்லாம் ஒரே இடத்துக்குத் திரும்புகிறதா என்பதே முக்கியம். நகர்வைப் பின் சைட்டில் திருத்திவிடலாம், நிலையில்லாத குழாயைத் திருத்த முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாட்களில் திறந்த கொட்டகையில் இதைச் செய்ய வேண்டாம்.

கடைசியாக நின்று சுடுங்கள். மூட்டையில் நடுவே விழுந்தது நிற்கும்போது விலகினால், பின் சைட்டைத் தொடாதீர்கள். முன்பாரம் கூடியதால் உங்கள் தாங்குகை மாறியிருக்கிறது; இடது கையின் இடத்தையும் பாதங்களின் திசையையும் திருத்துங்கள். மாறியது சைட்டேதான் என்றால் மட்டும் அதைத் திருத்தலாம்: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டு வெகுவாக விலகி விழுந்தபோது, அபினவ் பிந்த்ரா தம் சைட்டைத் திருத்திக்கொண்ட பிறகே தங்கம் வென்றார். எது மாறியது என்று அறிந்தவருக்குத்தான் அத்தகைய நேரத்தில் கை நிதானமாகச் செயல்படும்.

பின்சேர்க்கை: குழாய் மாட்டிய பின், பின் சைட்டின் பழைய கிளிக் (திருகின் ஒரு படி) கணக்கு பொருந்தவில்லை என்று திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். சைட்டுகளுக்கு இடையேயான தூரம் கூடினால் ஒரு கிளிக்கின் பலன் குறையும். ஒரு கிளிக் 0.02 மி.மீ. நகர்த்தினால், 800 மி.மீ. இடைவெளியில் அட்டையில் 0.25 மி.மீ. கிடைக்கும், 900 மி.மீ. இடைவெளியில் 0.22 மி.மீ.தான். ஆகவே 10 கிளிக் திருப்பிச் சுட்டு, நகர்வை அளந்து, புதுக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.