வாடகைக் காரும் அந்த ஒரு கோடும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் வாடகைக்கு எடுத்திருந்த காரைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, பெட்ரோல் நிலைய ரசீதைக் கையில் பிடித்தபடி, "இருபது வெள்ளிக்கு ஊற்றியிருக்கிறேன், நீங்களே பாருங்கள்" என்று மன்றாடிக்கொண்டிருந்தார் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). கவுண்டரில் இருந்த பெண்மணி ரசீதைத் தொடவில்லை. சக ஊழியர் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினார். படத்தில் பெட்ரோல் மானி, அதில் நான்கு கோடுகள். ஒப்பந்தத் தாளில் ஐந்து. பேச்சு அதோடு முடிந்தது.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, இது நியாயமா?" என்றார். நியாயம் இல்லைதான். ஆனால் இதே வாக்கியத்தை இதே மாதிரி ஒரு கவுண்டரில் 2014-ல் நானும் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் நின்றவர் என்னையும் இப்படித்தான் பார்த்தார்.

எனக்குச் சொந்தக் கார் கிடையாது. சிங்கப்பூரில் கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ், 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளிக்குப் போனது. அந்த ஒரு வெள்ளியையும் சேர்த்துக் கேட்ட மகராசன் நன்றாக இருக்கட்டும். நான் மாதம் இரண்டு முறை வாடகைக்கு எடுப்பவன். அம்மாவை எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜோகூர் பாருவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போவேன், கச்சேரிக்கு ஒலிபெருக்கிச் சாமான்கள் ஏற்றுவேன், யாராவது ஊரிலிருந்து வந்தால் விமான நிலையத்துக்கு ஓடுவேன். இத்தனை ஆண்டுகளில் காரில் கீறல் விழுந்து கொடுத்த பணத்தைவிட, பெட்ரோல் விவகாரத்தில் ஏமாந்த பணம் அதிகம்.

டீசல் வேனில் பெட்ரோல் ஊற்றாதீர்கள், மூடி எந்தப் பக்கம் என்று மானியில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது, வாடகைக் காரில் பெட்ரோலுக்காகக் காசை இழக்கவைக்கும் தவறுகளை.

கோட்டுக் கணக்கில் வாங்கி, லிட்டர் கணக்கில் கொடுப்பது

இதுதான் அந்தத் தம்பி செய்த தவறு. இன்று வரை எனக்கு எரிச்சல் தருவதும் இதுவே, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் சிறிய வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் முழு டேங்கோடு கார் தருவதில்லை. முந்தைய வாடிக்கையாளர் விட்டுப்போன அளவிலேயே உங்களிடம் தருவார்கள். எடுத்தபோது எவ்வளவோ, கொடுக்கும்போதும் அவ்வளவு. கேட்க மிக நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த 'அவ்வளவு' எதனால் அளக்கப்படுகிறது? மானியில் தெரியும் கோடுகளால். பல சிறிய கார்களில் எட்டுக் கோடுகள் இருக்கும். டேங்க் 42 லிட்டர் என்றால் ஒரு கோடு ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். ஐந்து கோடு என்பது 21 லிட்டராகவும் இருக்கலாம், 26 லிட்டராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மானி ஒரே முகத்தைத்தான் காட்டும்.

உங்களுக்கு முன்னால் எடுத்தவர் புத்திசாலி என்று வையுங்கள். ஐந்தாவது கோடு எரிகிற நொடி வரை மட்டும் ஊற்றிவிட்டுக் காரை விட்டுப் போயிருப்பார். நீங்கள் எடுத்துக்கொண்டு பாய லேபார் சாலையைத் தொடுவதற்குள் ஐந்து நான்காகிவிடும். ஒரு லிட்டர்கூட எரித்திருக்க மாட்டீர்கள், அதற்குள் உங்கள் கடன் ஒரு கோடு.

2014-ல் எனக்கு நடந்தது இன்னும் மோசம். நிறுவனம் தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. கார்களைச் சரிவுப் பாதையின் ஓரமாகவே நிறுத்தியிருந்தார்கள். காரை வாங்கியபோது மானியில் ஐந்து. திருப்பிக் கொடுக்கும் நாளில் நான்கு கோடு இருந்ததால், பக்கத்து பெட்ரோல் நிலையத்தில் 15 வெள்ளிக்கு ஊற்றினேன். ஐந்தாவது கோடு எரிந்தது. திருப்தியோடு மேலே ஏறி, அவர்கள் காட்டிய இடத்தில், மூக்கு மேல்நோக்கி நிற்கும்படி நிறுத்தினேன். ஊழியர் வந்து, சாவியைத் திருப்பி, படம் எடுத்தார். நான்கு.

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் மட்டத்தோடு அது ஏறி இறங்குவதைத்தான் மானி நமக்குக் கோடாகக் காட்டுகிறது. கார் சரிந்து நின்றால் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும், மிதவையும் தன் இடத்தில் கூடவோ குறையவோ காட்டும். எல்லைக்கோட்டில் இருக்கும் அளவுக்கு இந்தச் சரிவே போதும். அத்தோடு, ஓடும்போது பெட்ரோல் அலம்புவதால் முள் ஆடக்கூடாது என்று மானியை வேண்டுமென்றே மந்தமாக வைத்திருப்பார்கள். கொஞ்சமாக ஊற்றினால் சில கார்களில் அது உடனே தெரியாது, சில நிமிடம் ஓட்டிய பிறகுதான் தெரியும். டேங்கும் சதுரப் பெட்டி அல்ல. பின்னிருக்கைக்கு அடியில் கிடைத்த இடத்தில் வளைந்து நெளிந்து கிடப்பது, அதனால் மேல் பாதிக் கோடுகளும் கீழ்ப் பாதிக் கோடுகளும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை.

இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது என் ரசீது மட்டும். அந்த ஊழியரிடம், "சமதரைக்கு நகர்த்திப் பாருங்கள்" என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. குறைந்த ஒரு கோட்டுக்கு 25 வெள்ளி, அதற்கு மேல் ஊழியர் போய் ஊற்றி வருவதற்கான சேவைக் கட்டணம் 30 வெள்ளி, ஆக 55 வெள்ளியை டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த பெட்ரோலுக்கு நான் ஏற்கெனவே கொடுத்த 15 வெள்ளி தனி. அந்த ரசீதை வீம்புக்காகப் பல நாள் வைத்திருந்தேன். வெப்ப அச்சுத் தாள் அல்லவா, ஓராண்டில் எழுத்தெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. அதன் பிறகுதான் தூக்கிப் போட்டேன்.

ஒப்பந்தத் தாளில் ரசீதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருந்ததில்லை. மானியின் அளவே இறுதி என்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், கார் என் கைக்கு வந்ததும் முதலில் அதைச் சமதரைக்கு நகர்த்தச் சொல்கிறேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இன்ஜினைப் போட்டு ஒரு நிமிடம் விட்டுவிட்டு, மானி, ஓடிய கிலோமீட்டர், நேரம் மூன்றும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கிறேன். பிறகு அங்கேயே அந்தப் படத்தை நிறுவனத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறேன். என் கைப்பேசியில் மட்டும் இருக்கும் படத்தை அவர்கள் எப்போது எடுத்தது என்று கேட்பார்கள், அவர்களுக்கே வந்து சேர்ந்த படத்தைக் கேட்க முடியாது. அடுத்த ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு கோடு இறங்கினால், வண்டியை ஓரமாக நிறுத்தி அதையும் படமெடுத்து அனுப்பிவிடுகிறேன். இரண்டு முறை இதனாலேயே "ஒரு கோடு குறைவாகத் திருப்பிக் கொடுங்கள், பரவாயில்லை" என்று பதில் வந்திருக்கிறது.

இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் காட்டும் எண்ணைச் சிலர் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். முந்தைய ஓட்டுநர் எப்படி ஓட்டினாரோ அதை வைத்துக் கார் போடும் உத்தேசக் கணக்கு அது. நீங்கள் மெதுவாக ஓட்டினால் பெட்ரோல் ஊற்றாமலே அந்த எண் ஏறும்.

ஜோகூருக்கு அரை டேங்க் காரை எடுப்பது

மேலே சொன்ன தவறின் உடன்பிறப்பு. சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குள் போக வேண்டுமானால் சோதனைச் சாவடியில் குறைந்தது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும். 1989-ல் அரை டேங்க் என்று தொடங்கிய விதி, 1991-ல் முக்காலாக உயர்ந்தது. அக்கரையில் மலிவாக ஊற்றிக்கொண்டு வந்து இங்கே பெட்ரோல் வரியைத் தவிர்க்கக்கூடாது என்பதற்காக வந்த விதி. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம், காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "வாடகைக் கார், அவர்கள் இப்படித்தான் கொடுத்தார்கள்" என்பது செல்லாது. ஓட்டுபவர்தான் பொறுப்பு.

இங்கும் பார்க்கப்படுவது மானிதான். எட்டில் ஆறு கோடு.

ஆகவே நான்கு கோடு இருக்கும் காரை எடுத்தால், உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்குப் போகும் வழியில் சிங்கப்பூர் விலைக்கு இரண்டு கோடு ஊற்றியாக வேண்டும். ஆறு தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள், பாலத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் அதுவும் தின்னும். பிறகு ஜோகூர் பாருவில் கண்ணாடிக் கோயில், சாப்பாடு, சித்தி வீடு என்று சுற்றிவிட்டுத் திரும்பினால் ஒரு கோடுகூட முழுதாக எரிந்திருக்காது. காரை ஒப்படைக்கும்போது நிறுவனத்துக்கு ஒன்றரைக் கோடு தானம். கூடுதலாக இருந்தால் பணம் திரும்பி வரும் என்று நினைக்கிறீர்களா? இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒரு காசு வந்ததில்லை.

முன்பதிவு செய்யும்போதே ஜோகூர் பயணம் என்று சொல்லி, ஆறு கோட்டுக்கு மேல் இருக்கும் காரைக் கேளுங்கள். ஜோகூர் போவதை எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும், அனுமதியில்லாமல் எல்லை தாண்டினால் காப்பீடு உங்களைக் கைவிட்டுவிடும். ஆறு கோட்டில் எடுத்து ஆறு கோட்டில் கொடுத்தால், குறைவதை அக்கரையிலேயே ஊற்றிக்கொண்டு வரலாம். அங்கே ரான் 97-ஐ (ரான் என்பது பெட்ரோல் வகையைக் குறிக்கும் ஆக்டேன் எண்) ஊற்றினாலும் இங்கே கொடுக்கும் விலையைவிட மலிவுதான்.

மஞ்சள் கைப்பிடி

தொடாதீர்கள். மலேசியாவில் மஞ்சள் கைப்பிடிக் குழாயில் வருவது ரான் 95, அதை வெளிநாட்டுக் கார்களுக்கு விற்பது 2010 முதல் தடை. உங்கள் எண் பலகையோடு யாராவது படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டால், மானம் போவது வாடகை நிறுவனத்துக்கு, அதற்கான பதிலை அவர்கள் கேட்பது உங்களிடம்.

ரான் 98 ஊற்றுவது

மூடியின் உட்புறத்தில் 95 என்று போட்டிருந்தால் 95 போதும். இங்கே 95-க்கு லிட்டருக்கு 66 காசு வரி, 98-க்கு 79 காசு. அடுத்தவர் காருக்கு நீங்கள் ஏன் சீர்வரிசை வைக்க வேண்டும்?

'டக்' சத்தத்துக்குப் பிறகும் ஊற்றுவது

முழு டேங்கில் எடுத்து முழு டேங்கில் கொடுக்கும் பெரிய நிறுவனங்களிடம் எடுப்பவர்கள் செய்யும் தவறு இது. சற்றும் குறையக்கூடாது என்ற பயத்தில், பம்ப் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்துவார்கள். குழாயின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் மட்டம் அதை எட்டியதும் குழாய் தானாக அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஊற்றுவது பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் போகலாம். அது கெட்டால் இன்ஜின் விளக்கு எரியும், அந்த விளக்குக்கும் பணம் கட்டப்போவது நீங்கள்தான். பெட்ரோல் நிலைய ஊழியர் நல்லெண்ணத்தில் "ஐம்பது வெள்ளிக்கு நிறைத்து விடவா?" என்று கேட்பார். முதல் சத்தத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

அதேபோல, தீவின் அந்தக் கோடியில் நிறைத்துவிட்டு, முள் அசையவில்லை என்று நம்பி இந்தக் கோடி வரை ஓட்டி வராதீர்கள். நிறைத்த பிறகு முள் வெகுநேரம் உச்சியிலேயே நிற்கும், அது உங்களை மட்டும்தான் ஏமாற்றுகிறது. சில இடங்களில் கடைசியாக ஊற்றிய ரசீதைக் கேட்பார்கள், நிலையத்தின் பெயரும் நேரமும் அதில் இருக்கும்.

முன்பணம் கட்டி முழு டேங்க் வாங்குவது

பினாங்கு வரை போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். தீவுக்குள்ளேயே ஈசூனிலிருந்து சாங்கிக்குப் போய் வருவதற்கு அது வேண்டாம்.

பகிர்வுக் காரில் சொந்தக் காசைக் கொடுப்பது

மணிக்கணக்கில் எடுக்கும் பகிர்வுக் கார்களில், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெட்ரோலையும் சேர்த்தே பிடிக்கும் சேவைகள் உண்டு. காருக்குள் எரிபொருள் அட்டை இருக்கும். அட்டையைத் தேடாமல் கைக்காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு மின்னஞ்சலில் அலைந்தவர்கள் என் வீட்டிலேயே இருவர்.

ஆளில்லாத இரவில் ஒப்படைப்பது

கடை மூடிய பிறகு காரை விட்டுவிட்டுச் சாவியைப் பெட்டியில் போடச் சொல்வார்கள். மறுநாள் காலை வேறொருவர் அந்தக் காரை வேறு மாடிக்கு நகர்த்திய பிறகு மானியைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார். ஆகவே சாவியைப் போடுவதற்கு முன், நிறுத்தும் இடத்தின் எண் தெரிய வெளியே ஒரு படம், உள்ளே மானியும் கிலோமீட்டரும் தெரிய ஒரு படம் எடுத்து அப்போதே அனுப்பிவிடுங்கள். அந்த இடம் சரிவாக இருந்தால் முதலில் கீழ்த்தளத்துச் சமதரையில் ஒரு படம், பிறகு மேலே ஒரு படம். இரண்டு படங்களிலும் கிலோமீட்டர் எண் ஒன்றாக இருக்க வேண்டும்.