பத்தாயிரத்துக்குள் கோடை விடுமுறை: முதல் தடவை கிளம்பும் சபைக் குடும்பங்களுக்கு

"லீவுக்கு எங்க போறோம்?" என்று பிள்ளைகள் கேட்டால் எங்கள் வீட்டில் பல வருஷமாக இரண்டே பதில்தான். ஒன்று ஊர், அதாவது மாமியார் வீடு. இன்னொன்று கன்வென்ஷன், அதாவது சபையின் பெரிய கூட்டம், மூன்று நாள் பந்தலில் பாய் விரித்து உட்கார்ந்து, வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவது. பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சொந்தக்காரர் வீடும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல் சும்மா ஒரு ஊரைப் பார்க்கப் போவதென்றால் ஏதோ வீண் செலவு செய்கிற மாதிரி மனசு உறுத்தும். 2025 மே மாதம் அந்த உறுத்தலை ஒரு ஓரமாக வைத்துவிட்டுச் சென்னையிலிருந்து மயிலாடுதுறை பக்கத்துக் கடற்கரை ஊரான தரங்கம்பாடிக்குப் போய் வந்தோம். நாங்கள் இருவர், 11 வயதுப் பையன், 7 வயதுப் பெண். எப்படிச் செய்தோம் என்று சபையில் நாலைந்து அக்காமார் கேட்டுவிட்டார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: இடத்தைத் தேடாதீர்கள், முதலில் சபைக் காலண்டரை எடுங்கள்

எல்லாரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். ஊட்டியா கொடைக்கானலா என்று ஆரம்பித்து, டிக்கெட்டும் போட்ட பிறகு பார்த்தால் அந்த வாரம்தான் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), நீங்கள்தான் பிரைமரி வகுப்புக்கு டீச்சர். அப்புறம் பாஸ்டர் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? ஒரு தாளில் ஏப்ரல், மே இரண்டு மாதத்தையும் எழுதுங்கள். ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், வி.பி.எஸ். பத்து நாள், வாலிபர் கூட்டம், திருவிருந்து ஞாயிறு எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் திங்கள் முதல் வியாழன் வரைதான் என்று தெரியவரும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எல்லாரும் சனி ஞாயிறில் போவதால் வார நாளில் அறை வாடகையும் குறைவு, கூட்டமும் குறைவு. நாங்கள் மே 19 திங்கள் கிளம்பி 21 புதன் இரவு வீடு திரும்பினோம். ஒரு ஆராதனையும் தவறவில்லை.

படி 2: ஒரு கவர் போடுங்கள்

ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 9,000. சம்பளம் வந்ததும் தசமபாகத்தை, அதாவது சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை, எடுத்து வைத்த பிறகுதான் இந்தக் கவர், அந்த வரிசை மாறக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சபைக் கட்டட நிதிக்கு வாக்குக் கொடுத்து இன்னும் கொடுத்து முடிக்காதவர்கள் இந்த வருஷம் அதை முடித்துவிட்டு அடுத்த வருஷம் போகலாம். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ போக வேண்டாம். (எங்கள் சபையில் பலர் நகை போடுவதில்லை, அதனால் பாதிப் பேரிடம் அடகு வைக்க நகையே கிடையாது. ரயிலில் கழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்கலாம் என்பது தனி ஆசீர்வாதம்.)

படி 3: டிக்கெட்

ரயிலில் முன்பதிவு பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். மே 19-க்கு மார்ச் 20 அன்றே உட்கார்ந்துவிட வேண்டும், கோடையில் இரண்டு நாள் தள்ளிப்போட்டாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான். 5 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் பெரியவர் கட்டணமே போடுவார்கள், படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிதான். பகல் பயணம் என்பதால் சின்னவளுக்கு வேண்டாம் என்று போட்டோம், அவள் எப்படியும் ஜன்னலோரத்தில் என் மடியில்தான் இருந்தாள். எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சாதாரண டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதற்காக இருபது நிமிஷம் காத்திருக்கலாம், தப்பில்லை.

படி 4: தங்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் சபையில் யாராவது கட்டாயம் சொல்வார்கள், "அங்க நம்ம விசுவாசி ஒருத்தர் வீடு இருக்கே, எதுக்கு ரூம்?" என்று. அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் விசுவாசி வீட்டில் தங்குவது இலவசம் இல்லை. பழம், பிஸ்கட், பிள்ளைகள் கையில் ஆளுக்கு இருநூறு என்று நீங்கள் செலவழிப்பீர்கள். அந்த வீட்டு அக்கா விடியற்காலையில் எழுந்து உங்களுக்காகக் கோழி வாங்க ஆளனுப்புவார், அவருக்கும் அது லீவுதானே. சாயங்காலம் பக்கத்து வீட்டார் நாலு பேர் வந்துவிடுவார்கள், உங்கள் வீட்டுக்காரரை வேதத்திலிருந்து ஒரு வார்த்தை பகிர்ந்துகொள்ளச் சொல்வார்கள், கடற்கரை அவ்வளவுதான். அதனால் அறை எடுங்கள். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த பழைய பங்களா விடுதி நம் கவருக்கு ஆகாது. உள்ளே தெருவில் விசிறி மட்டும் உள்ள அறை ஒன்று 1,300 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. முதல் நாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் குடும்ப ஜெபத்தை ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் நாலு பேரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுத்தான். என் வீட்டுக்காரர் ஸ்தோத்திர பலி (துதி வார்த்தைகள்) சொல்லிச் சொல்லி அந்நியபாஷைக்கு, அதாவது ஆவியில் வேறு பாஷையில் ஜெபிப்பதற்கு, போய்விட்டார். சுவரோ மெல்லிசு. பக்கத்து அறையிலிருந்து 'டம் டம்' என்று தட்டினார்கள். பையன் கண்ணைத் திறந்து, "அப்பா, யாரோ ஆமென் சொல்றாங்க" என்றான். மறுநாளிலிருந்து ஜெபத்தைக் கடற்கரைக்கு மாற்றிவிட்டோம். அலைச் சத்தத்தில் எவ்வளவு உரக்க ஜெபித்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. நீங்கள் முதல் நாளே அப்படிச் செய்யுங்கள்.

படி 5: சாப்பாடு

முதல் இரண்டு வேளை வீட்டிலிருந்து. இட்லியை நன்றாக ஆறவிட்டு, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் மடியுங்கள். சூடாக மூடினால் வேர்த்துப்போய் மத்தியானமே நூல் விடும், மே மாதம் வேறு. தக்காளித் தொக்கு எண்ணெய் மேலே மிதக்கும் வரை வதக்கி ஈரமில்லாத பாட்டிலில் எடுத்துப்போனால் மூன்று நாள் தாங்கும், தோசையோ சாதமோ மட்டும் வெளியே வாங்கினால் போதும். ஒரு வேளை நல்ல மீன் சாப்பாடு மட்டும் கடையில் சாப்பிட்டோம். கடற்கரைக்குப் போய்விட்டு மீன் சாப்பிடாமல் வந்தால் எங்கள் மாமியார் மன்னிக்க மாட்டார்.

படி 6: வெயிலுக்குத் தகுந்தபடி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

காலை ஒன்பது வரை வெளியே, பிறகு அறை, நாலரைக்கு மேல் மறுபடி வெளியே. கத்திரி வெயிலில் வேறு வழியில்லை. டேனிஷ் கோட்டை 1620-ல் கட்டியது, அதைச் சுற்றி வரவே அரை நாள் ஓடிவிடும். பிள்ளைகளைக் கடலில் இறங்க விடாதீர்கள், அலை இழுக்கும், கால் நனைப்பதோடு சரி.

நாங்கள் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்காக. 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் இங்கேதான் தமிழில் அச்சாகி முடிந்தது. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் பலிபீடத்துக்கு முன்னால் அவர் கல்லறை இருக்கிறது. லுத்தரன் ஆலயம், நம் சபை மாதிரி டிரம்ஸ் கிடையாது, சின்னவள் அதைத்தான் முதலில் தேடினாள். முன்பே வீட்டில் இரண்டு மூன்று நாள் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு அவர் கதையைச் சொல்லி வைத்திருந்தேன், அதனால் பையன் கல்லறைக் கல்லின் முன் தன் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். சொல்லாமல் கூட்டிப்போனால் பிள்ளைகளுக்கு அது இன்னொரு பழைய கட்டடம்தான்.

படி 7: வந்ததும் கணக்கு

மறப்பதற்குள் கவரின் பின்பக்கத்திலேயே எழுதுங்கள், அடுத்த வருஷத்துக்கு அதுதான் ஆதாரம். எங்கள் கவரில் இருப்பது: ரயில் 1,620, அறை இரண்டு இரவு 2,600, பஸ்ஸும் ஆட்டோவும் 710, சாப்பாடு 2,350, நுழைவுச் சீட்டு, சங்கு, பலூன் எல்லாம் சேர்த்து 320, டீ 410. ஆக 8,010, மிச்சம் 990. டீக்கு நானூற்றுப் பத்தா என்று இவர் இன்னும் நம்பவில்லை. நானும் பிள்ளைகளும் டீயே குடிப்பதில்லை.