வீட்டுக்கு வரும் ட்ரெய்னர்: யாரை நம்பி உள்ளே விடுவது?

ஜிம்மில் சுமாரான ட்ரெய்னர்கூட காலத்தை ஓட்டிவிடலாம். அங்கே பாதி வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும். லெக் பிரஸ்ஸில் உட்கார்ந்தால் கால் போக வேண்டிய பாதையை அதுவே முடிவு செய்துவிடும், இவர் பக்கத்தில் நின்று எண்ணினால் போதும். வீட்டில் அந்த வசதி கிடையாது. ஒரு பாய், ஒரு நாற்காலி, இரண்டு டம்பெல், இழுத்துப் பயிற்சி செய்யக் கதவில் மாட்டிய ரப்பர் பேண்ட், அப்புறம் நீங்கள். இங்கே அவருடைய கண்ணுக்கும் அறிவுக்கும்தான் காசு கொடுக்கிறீர்கள், அதனால் ஆள் பார்க்கும்போது கொஞ்சம் கறாராகவே இருங்கள். அவருடைய கை எவ்வளவு பருமன், இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதெல்லாம் அவர் உழைத்ததைக் காட்டும், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பதைக் காட்டாது.

ஆள் தேடும் முன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். 'ஃபிட் ஆகணும்' என்று எழுதுவதில் பயனில்லை. 'இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது', 'குழந்தை பிறந்து ஆறு மாதம், இன்னும் முதுகு வலி', 'அப்பாவுக்கு 68 வயது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்' என்று எழுதினால்தான் தேடவே முடியும். இருபது வயதுப் பையன்களைப் போட்டிக்குத் தயார் செய்வதில் கில்லாடியாக இருப்பவர் உங்கள் அப்பாவுக்குச் சரிப்படாமல் போகலாம், எனவே உங்களைப் போன்ற ஆட்களுக்கு அவர் ஏற்கெனவே பயிற்சி கொடுத்திருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் என்ற குழப்பமும் இங்கேயே தீர்ந்துவிடும். வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு, அதோடு குறைந்தது 2 நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த 2 நாளுக்கு ட்ரெய்னரை வைத்துக்கொண்டு மீதியை நீங்களே நடந்து முடிக்கலாம். கூடவே நடந்து வருவதற்கெல்லாம் ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சரி, சான்றிதழ். ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. ஆகியவை ட்ரெய்னர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்புகள், பல நாடுகளில் தெரிந்த பெயர்கள். உடற்கல்வியில் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சான்றிதழ்கள் ஒரு தடவை வாங்கி மாட்டிவைப்பவை இல்லை, ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். இரண்டையும் 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதியைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக சிபிஆர் (இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திச் செய்யும்) முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். ஜிம்மில் மயங்கி விழுந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள், வீட்டில் அவர் ஒருவர்தான் இருப்பார். ஆனால் சான்றிதழ் இருந்தால் உள்ளே வரலாம் என்று மட்டும்தான் அர்த்தம், அதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்லாது.

முதல் சந்திப்பில் யார் அதிகம் பேசுகிறார் என்று கவனியுங்கள். நல்லவர் கேள்வியாகக் கேட்பார்: நெஞ்சு வலி வந்ததுண்டா, தலைசுற்றல் உண்டா, மூட்டில் பிரச்சினை இருக்கிறதா, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா. இதற்கென்றே பார்-க்யூ என்ற கேள்வித்தாள் இருக்கிறது, ஒன்றிரண்டுக்கு 'ஆமாம்' என்று வந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வதுதான் முறை. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்' என்பவரை அங்கேயே அனுப்பிவிடலாம். மாத்திரைப் பெயரைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை இதயத் துடிப்பு ஏறவிடாமல் பிடித்து வைக்கும், அதைச் சாப்பிடுபவரிடம் கைக்கடிகாரத்தில் துடிப்பு 140 வரும்வரை ஓடு என்று சொன்னால் ஆள் சோர்ந்து விழுவாரே தவிர அந்த எண் வராது. விஷயம் தெரிந்தவர் கடிகாரத்தை விட்டுவிட்டு, பயிற்சிக்கு நடுவே உங்களால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பார். இன்சுலின் போடுபவரிடம் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

பேச்செல்லாம் முடிந்து ஒரு டிரையல் வகுப்பு கட்டாயம் வையுங்கள், இலவசம் இல்லையென்றாலும் பரவாயில்லை. முடிவு எடுக்க வேண்டிய இடம் அதுதான். நாற்காலியில் உட்கார்ந்து எழும் சாதாரண ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எதிரிலேயே நிற்கிறாரா, பக்கவாட்டில் நகர்ந்தும் பார்க்கிறாரா? எழும்போது முட்டி உள்ளே மடிகிறதா என்பது எதிரிலிருந்து தெரியும், குதிகால் தூக்குகிறதா, முதுகு வளைகிறதா என்பது பக்கத்திலிருந்துதான் தெரியும். பார்த்ததும் ஐந்து திருத்தங்களை மூச்சு விடாமல் அடுக்கினால் உங்களால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது. தேர்ந்த ட்ரெய்னர் 'பாதம் முழுசா தரையில இருக்கட்டும்' என்று ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மூன்று ரெப், அதாவது இன்னும் மூன்று முறை உட்கார்ந்து எழும்வரை காத்திருப்பார். அப்போதும் வரவில்லையென்றால் நாற்காலியில் ஒரு குஷனைப் போட்டு உயரத்தைக் கூட்டிவிடுவார். கையில் போனை வைத்துக்கொண்டு 'எட்டு, ஒன்பது, பத்து, சூப்பர்' என்று எண்ணுபவருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் பதினைந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நடுவில் இரண்டு கேள்வி போட்டுப் பாருங்கள். 'இது எதுக்கு?' என்பது ஒன்று. 'இது செஞ்சா முட்டி வலிக்குது, வேற இருக்கா?' என்பது இன்னொன்று. சட்டென்று மாற்று சொல்லத் தெரியாதவரிடம் இருப்பது எல்லோருக்கும் ஒரே பட்டியல், அதை வாங்க ஆள் தேவையில்லை. உங்களைத் தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்கிறாரா, எத்தனை செட், எவ்வளவு எடை என்று குறித்துக்கொள்கிறாரா என்பதையும் பாருங்கள். குறிக்காவிட்டால் அடுத்த மாதம் எதைக் கூட்டுவது என்று அவருக்கே தெரியாது.

பேண்டைக் கதவில் மாட்டும்போது இன்னும் ஒன்று பார்க்கலாம். இழுத்தால் கதவு இறுக மூடிக்கொள்ளும் பக்கத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும், எதிர்ப்பக்கம் நின்றால் தாழ்ப்பாள் நழுவிக் கதவு முகத்தில் அடிக்கலாம். பேண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுபவர் வீட்டில் வேலை செய்து பழகியவர். கீழ்வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் குதிக்கும் பயிற்சிகளை ஒதுக்கினால் இன்னும் நல்லது.

முதல் நாளே உங்களைப் பிழிந்தெடுப்பதைத் திறமை என்று நினைக்காதீர்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்கு வருவது சகஜம்தான், ஆனால் எவ்வளவு வலித்தது என்பது எவ்வளவு பலன் என்பதற்கு அளவுகோல் இல்லை. கடும் வலி, வீக்கத்தோடு சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், ட்ரெய்னருக்கு போன் பண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

'வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கிறேன்', 'ஒரே மாதத்தில் 10 கிலோ' என்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இடத்துக் கொழுப்பை மட்டும் பயிற்சியால் குறைக்க முடியாது, வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ என்பதே நிதானமான வேகம். புரோட்டீன் பவுடர் டப்பாவோடு வருபவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். சர்க்கரைக்கோ கிட்னி பிரச்சினைக்கோ உணவு அட்டவணை எழுதித் தருவது அவர் வேலை இல்லை, அதற்கு டயட்டீஷியன் இருக்கிறார்.

காசு விஷயத்தில் முதலில் வகுப்புக்கு வகுப்பு கொடுங்கள், பேக்கேஜ் எல்லாம் நான்கைந்து வகுப்புக்குப் பிறகு. எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் ரத்து செய்யலாம், அவர் வராவிட்டால் என்ன, பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்புமா என்பதையெல்லாம் மெசேஜிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். வீட்டுக்குள் வருபவர் என்பதால் அடையாள அட்டையைப் பார்ப்பதில் சங்கடம் வேண்டாம், முதல் சில வகுப்புகளுக்கு வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். பழைய ஆட்கள் இரண்டு பேரின் நம்பரை வாங்கி, நல்லவரா என்று கேட்பதற்குப் பதில் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். ஆன்லைனில் எடுப்பவரென்றால் கேமராவை எங்கே வைப்பது என்பதில் அவர் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்று பார்த்தாலே போதும்.

எட்டு வாரம் ஆனதும் ஆரம்பத்தில் எழுதிய தாளை எடுத்து அவரோடு உட்காருங்கள். மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா, அப்பா தானாக எழுகிறாரா? எதுவும் நகரவில்லை, காரணமும் அவரால் சொல்ல முடியவில்லை என்றால் மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். போகும்போது அவர் எழுதிவைத்த பயிற்சிக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.