இருபது பேர் என்றால் இருபதால் வகுக்காதீர்கள்: பேண்ட்வித் லிமிட்டைத் தானாக மாற்றும்போது செய்கிற தவறுகள்

ஒரே இணைப்பைப் பத்திருபது பேர் பங்கு போடுகிற இடத்தில் நெட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை யார் தலையில் விழுந்தாலும், அவர் முதலில் எழுதும் ஸ்கிரிப்ட் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணு, மொத்த வேகத்தை அதால் வகு, வருவதை ஆளுக்கு லிமிட்டாகப் போடு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய். நானும் இதைத்தான் எழுதினேன். கணக்கு சரி, ஆனால் எல்லோரும் திட்டினார்கள்.

ஏன் என்றால், 100 எம்பிபிஎஸ் லைனில் 20 சாதனங்கள் இருந்தால் ஆளுக்கு 5 கிடைக்கும். அந்த 20-ல் 17 சட்டைப்பையில் தூங்குகிற போன்கள். உண்மையில் இழுப்பது மூன்று பேர், அவர்களுக்கும் சேர்த்து 15 தான் போகிறது, மிச்சம் 85 சும்மா கிடக்கிறது. இந்த நொடி பயன்படாத பேண்ட்வித்தை எடுத்து வைத்து நாளைக்குக் கொடுக்க முடியாது. ஆகவே உச்சவரம்பைக் குறைப்பதற்குப் பதிலாக, குறைந்தபட்ச உத்தரவாதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, காலியாக இருக்கிறதை யார் வேண்டுமானாலும் கடன் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட வேண்டும். லினக்ஸில் வேகத்தைப் பங்கிடும் எச்டிபியில் ரேட் (உத்தரவாதம்), சீல் (உச்சவரம்பு) என்று இரண்டு எண் இருப்பது இதற்காகத்தான். மைக்ரோடிக் ரவுட்டரில் அதுவே லிமிட்-அட், மேக்ஸ்-லிமிட். உத்தரவாதங்களின் கூட்டுத்தொகை மொத்த வேகத்தைத் தாண்டக்கூடாது, உச்சவரம்பு மட்டும் ஏறக்குறைய முழு வேகத்துக்கே இருக்கலாம்.

இன்னும் சொன்னால், பல இடங்களில் ஸ்கிரிப்ட்டே தேவையில்லை. மைக்ரோடிக்கின் பிசிக்யூ, லினக்ஸில் 4.19 முதல் கர்னலிலேயே வரும் கேக் என்ற இரண்டு வரிசை முறைகளுமே அந்தந்தக் கணத்தில் யார் இழுக்கிறார்களோ அவர்களுக்குள் மட்டும் பிரித்துக் கொடுக்கும். எதை வைத்துப் பிரிக்கிறது என்று மட்டும் பாருங்கள். கனெக்‌ஷனுக்கு ஒரு பங்கு என்று வைத்தால் டொரன்ட்டில் 60 கனெக்‌ஷன் திறந்தவருக்கு 60 பங்கு, வீடியோ காலில் இருப்பவருக்கு இரண்டு. எல்லோருடைய முகவரியையும் ஒரே வெளி முகவரியாக மாற்றுகிற நாட்டுக்கு (NAT) வெளிப்பக்கம், அதாவது இணையத்தை நோக்கிய வான் (WAN) இன்டர்ஃபேஸில், கேக்கை வைத்தால் அதில் நாட் (nat) என்கிற ஆப்ஷனையும் போட வேண்டும், இல்லாவிட்டால் அதன் கண்ணுக்கு எல்லோரும் ஒரே ஆள்தான்.

அடுத்தது, லைன் வேகம் 100 என்றால் லிமிட்டையும் சரியாக 100 என்று வைப்பது. அப்போது பாக்கெட்டுகள், அதாவது டேட்டா துண்டுகள், வரிசை கட்டி நிற்பது உங்கள் ரவுட்டரில் இல்லை, மோடத்திலோ அதற்கும் அப்பாலோ. அங்கே உங்கள் விதி எதுவும் செல்லாது. 5 முதல் 10 சதவீதம் குறைத்து வைத்தால்தான் வரிசை உங்கள் கைக்கு வரும். அப்லோடுக்கும் இதே கதை, ஆனால் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: யாரோ ஒருவருடைய போட்டோ பேக்கப் அப்லோடை அடைத்துவிட்டால், டவுன்லோடுக்கான ஒப்புதல் பாக்கெட்டுகளும் அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ளும், இறங்குகிற பக்கம் பாதி காலியாக இருந்தாலும் எல்லோருக்கும் நெட் இழுக்கும்.

இப்போது தானாக மாற்றுகிற பகுதி. எதைப் பார்த்து மாற்றுவது? பலர் பயன்பாட்டு சதவீதத்தைப் பார்க்கிறார்கள். லைன் 95 சதவீதம் நிரம்பியிருந்து பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம், 20 மில்லிசெகண்டிலேயே நிற்கிறது என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை, நீங்கள் காசு கொடுத்த வேகம் வேலை செய்கிறது, அவ்வளவுதான். பிங் 200-க்குப் போனால்தான் கை வைக்க வேண்டும். அதற்காக ஒரே ஒரு சர்வரைப் பிங் செய்து முடிவெடுக்காதீர்கள், அந்த சர்வருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் உங்கள் ஸ்கிரிப்ட் இங்கே எல்லோருடைய வேகத்தையும் வெட்டும். நாலைந்து இடங்களைப் பிங் செய்து, பெரும்பாலானவை ஒன்றாக ஏறினால் மட்டும் குறையுங்கள். (வேகம் நிலையாக இருக்கிற ஃபைபர் லைனுக்கு மொத்த வேகத்தைத் தானாக மாற்றும் வேலையே அனாவசியம். எல்டிஇ, சாட்டிலைட் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற லைனுக்குத்தான் அது.)

எவ்வளவு வேகமாக மாற்றுவது என்பதிலும் வழுக்குவோம். குறைக்கும்போது சட்டென்று குறைக்கலாம், ஏற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக. இணையத்தில் டேட்டாவை அனுப்புகிற டிசிபியும் அடிப்படையில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் மாற்றினால் லிமிட் ஊஞ்சல் ஆடும். அப்புறம், ஒவ்வொரு முறையும் பழைய க்யூவை (பாக்கெட் வரிசையை) அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்காதீர்கள், உள்ளே காத்திருந்த பாக்கெட்டுகள் அத்தனையும் போய்விடும். இருப்பதிலேயே எண்ணை மட்டும் மாற்றுங்கள். லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வைத்திருந்தால், ஆளைத் துண்டித்துத் திரும்ப லாகின் செய்ய வைக்காமல் சிஓஏ (ஓடுகிற இணைப்பிலேயே விதியை மாற்றச் சொல்லும் செய்தி) அனுப்பினாலே போதும்.

என்னை அதிகம் அலையவிட்டது, எவ்வளவு டேட்டா போனது என்று ரவுட்டர் எண்ணி வைக்கிற கவுண்டர். 32 பிட் பைட் கவுண்டர் 1 ஜிபிபிஎஸ் லைன் முழுதாக ஓடினால் 34 நொடியில் சுற்றிவிட்டுத் திரும்பப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், 100 எம்பிபிஎஸ்ஸில் ஆறு நிமிடத்துக்குள். என் ஸ்கிரிப்ட் புதிய எண்ணிலிருந்து பழையதைக் கழித்தது, மைனஸில் விடை வந்தது, இவர் ஒன்றுமே பயன்படுத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதிகம் இழுத்த ஆளுக்கே லிமிட்டை உயர்த்திக் கொடுத்தது! ரவுட்டரின் எண்களைப் படிக்க உதவும் எஸ்என்எம்பியில் 64 பிட் கவுண்டர்கள் தனியாக இருக்கின்றன, அவற்றை எடுங்கள். பைட்டை பிட்டாக்க 8-ஆல் பெருக்கவும் மறக்க வேண்டாம். லினக்ஸில் லிமிட் போடுகிற டிசி (tc) கமாண்டில் எம்பிபிஎஸ் என்று எழுதினால் மெகாபைட் என்று அர்த்தம், மெகாபிட்டுக்கு எம்பிட் என்றுதான் எழுத வேண்டும். ஒரு சொல்லில் எட்டு மடங்கு வித்தியாசம்.

லிமிட் போட்டும் எதுவுமே மாறவில்லையா? மைக்ரோடிக்கில் ஃபாஸ்ட்ட்ராக் ஓடுகிறதா, மற்ற ரவுட்டர்களில் ஹார்டுவேர் ஆஃப்லோடு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் பாக்கெட்டை உங்கள் க்யூவுக்கே வரவிடாமல் குறுக்கு வழியில் அனுப்பிவிடும்.

மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) வைத்து ஆளை அடையாளம் காண்பதும் இனி நம்பகமானதில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குச் சொந்த மேக்கைக் காட்டாமல் வேறொன்றைத்தான் காட்டுகின்றன, செட்டிங்கில் கை வைத்தால் அதுவும் மாறும். முடிந்தால் லாகினை வைத்துப் பிரியுங்கள்.

வைஃபையே நெரிசலாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது, அதை லைன் வேகத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, ஸ்கிரிப்ட் செத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் விடுவது. நெரிசல் நேரத்தில் ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் என்று குறைத்த அடுத்த நிமிடம் என்னுடையது நின்றுபோனது, விடியும்வரை காலி லைனில் எல்லோரும் 2-லேயே கிடந்தார்கள். சில நிமிடம் ஸ்கிரிப்ட்டிடமிருந்து பேச்சு இல்லை என்றால் லிமிட்டைப் பழைய இயல்பு நிலைக்குத் திருப்புகிற சின்னக் காவல் ஒன்றை ரவுட்டரிலேயே போட்டு வையுங்கள். முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், மாற்றியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை மட்டும் லாகில் எழுத விடுங்கள். என் வகுத்தல் ஸ்கிரிப்ட்டை அப்படி ஓடவிட்டிருந்தால் இரண்டாம் நாளே தூக்கிப் போட்டிருப்பேன்.