தொடுதல், ஒலி, வலி: உங்கள் புலன்களை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு பேப்பர் கிளிப், ஒரு அளவுகோல், கூட ஒரு ஆள், இவ்வளவு போதும். கிளிப்பை நிமிர்த்தி 'ப' மாதிரி வளைத்து இரண்டு முனையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், கூராக இருந்தால் கொஞ்சம் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

கூட இருப்பவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். முனைகளை 1 சென்டிமீட்டர் விலக்கி, அவர் விரல் நுனியில் மெதுவாக வைத்து "ஒன்றா, இரண்டா?" என்று கேளுங்கள். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் 2, 3 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். அப்புறம் முதுகுக்குப் போங்கள். அங்கே 3 சென்டிமீட்டர் விலக்கி வைத்தாலும் "ஒன்றுதான்" என்பார்! இதை முதன்முதலில் பார்க்கும்போது நம்பவே முடியாது, ஆனால் 1834-லேயே ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் வேபர் இதை உடம்பு முழுக்க அளந்து எழுதிவிட்டார். விரல் நுனித் தோலில் தொடு உணர்விகள் நெருக்கமாக இருக்கின்றன, மூளையிலும் விரல்களுக்கு ஒதுக்கிய இடம் முதுகுக்கு உள்ளதைவிட மிகப் பெரியது.

பலரும் தவறுவது இரண்டு இடத்தில். ஒரு முனை முந்திப் பட்டுவிட்டால் அந்த நேர வித்தியாசத்தை வைத்தே இரண்டு என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் இரண்டும் ஒன்றாகப் படவேண்டும். நடுநடுவே ஒரே முனையை மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் வெறும் ஊகம்தான் பதிலாக வரும்.

அடுத்தது காது. கண்ணை மூடி, தலையை அசைக்காமல் உட்காரச் சொல்லிவிட்டுச் சுற்றிலும் சொடக்குப் போடுங்கள். இடதா வலதா என்பதில் தவறே வராது, ஏனென்றால் ஒலி ஒரு காதை முந்தி எட்டுகிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சமே 1 மில்லிவிநாடிக்கும் குறைவு, மூளைக்கு அது போதும். நேர் முன்னால், உச்சந்தலைக்கு மேல், நேர் பின்னால் போட்டால் தடுமாறுவார்கள், இரண்டு காதுக்கும் ஒரே தூரம் அல்லவா. தலையை லேசாகத் திருப்ப விட்டால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வலியை வரவழைத்துச் சோதிக்காதீர்கள், தயவுசெய்து. அடுத்த முறை கால்விரலை இடித்துக்கொள்ளும்போது கவனியுங்கள்: முதலில் சுரீரென்று ஒன்று, ஒரு கணம் கழித்து விண்விண்ணென்று இன்னொன்று. முதலாவது, விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்தும் நரம்பிழைகளில் வருகிறது, இரண்டாவது, விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தைக்கூடத் தாண்டாத மெல்லிய இழைகளில். உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுங்கள், வலி தணியும். தேய்க்கும் உணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை ஓரளவு அடக்குகிறது என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விளக்கினார்கள். நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது.

ஒன்று மட்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் தொடுவதே தெரியவில்லை என்றால் கிளிப்பை வைத்து ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இதற்கென்றே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை அவர்களிடம் இருக்கிறது, சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.