இரும்பு உடுத்தவர்கள் எப்படி நடந்தார்கள்? கவசம் பற்றிய சில தவறான எண்ணங்கள்

பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோவின் வாழ்க்கை வரலாறு அவர் உயிரோடு இருந்தபோதே, 1409-இல், எழுதி முடிக்கப்பட்டது. இளமையில் அவர் செய்த பயிற்சிகள் அதில் வரிசையாக வருகின்றன. தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு, மற்ற கவசங்களோடு குட்டிக்கரணம் அடிப்பார். அங்கவடியில் கால் வைக்காமலே குதிரைமேல் தாவி ஏறுவார். இரும்புச் சட்டையோடு, சுவரில் சாய்த்த ஏணியின் அடிப்பக்கமாக, கால் படாமல் கைகளால் மட்டும் தாவித் தாவி மேலே போவார். புகழ்வதற்காக எழுதப்பட்ட நூல்தான். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைப் படித்தவர்கள் அன்றாடம் கவசத்தைப் பார்த்தவர்கள், பலர் அணிந்தவர்கள். நடக்கவே முடியாத ஒன்றை அவர்களிடம் சொல்லி நம்பவைத்திருக்க முடியாது.

அந்தக் காலத்து வீரரை இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டவராக நினைப்பதுதான் முதல் தவறு. 15-ஆம் நூற்றாண்டில் போருக்கென்று செய்த முழுக் கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ இருந்தது. இன்றைய காலாட்படை வீரர் சுமந்து நடப்பது பெரும்பாலும் இதைவிட அதிகம். ஆனால் கிலோக் கணக்கை மட்டும் பார்ப்பதும் போதாது. எடை உடம்பில் எங்கே உட்கார்ந்தது என்று பார்க்க வேண்டும்.

அடியில் தடித்த, தைத்து இறுக்கிய சட்டை ஒன்று உண்டு. கைத் தகடுகளை அதில் கயிறுகளால் கட்டினார்கள். கால் தகடுகளும் இடுப்பை ஒட்டிக் கட்டப்பட்டன. மார்புத் தகடு இடுப்பில் குறுகி, எடையில் ஒரு பங்கை இடுப்பெலும்புக்குக் கொடுத்தது. தோள், முழங்கை, முழங்கால் போன்ற மடங்கும் இடங்களில் சிறு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நீள்துளைக்குள் நகரும் ரிவிட்டுகள் அவற்றை இணைத்ததால், கை மடங்கும்போது தகடுகளும் சரிந்து கொடுத்தன. மார்பில் தடிமனாகவும் கைகால்களில் மெல்லியதாகவும் தகட்டை அடித்த அந்தக் கொல்லர்கள், மனித மூட்டு எப்படி அசைகிறது என்பதை நுணுக்கமாக அறிந்தவர்கள். அவர்களுடைய வேலையைத் தகர டப்பா என்று சொல்லக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது.

சங்கிலி வளையங்களால் ஆன பழைய கவசம் துணிபோல் வளையும், ஆகவே அதுவே சுலபம் என்றும் பலர் நினைக்கிறார்கள். வளைந்தது உண்மை. ஆனால் பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பு முழுவதும் தோளில் தொங்கும். அதனால்தான் வீரர்கள் இடுப்பில் கச்சையை இறுக்கிக் கட்டிப் பாரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் பருத்த கவசத்தைப் போர்க் கவசம் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. ஈட்டிப் போட்டிக்கென்று தனிக் கவசங்கள் இருந்தன. சில 40 கிலோவைத் தாண்டும். தலையைத் திருப்பவே முடியாதபடி தலைக்கவசத்தை மார்போடு பூட்டிவிடுவார்கள். நேராக ஓடும் குதிரையின்மேல் சில நிமிடங்கள் இருப்பதற்கு அது போதும். வீரரைக் கிரேன் வைத்துக் குதிரைமேல் ஏற்றினார்கள் என்ற கதைக்கோ இடைக்காலச் சான்று கிடையாது. 1944-இல் வந்த ஓர் ஆங்கிலத் திரைப்படம் அதைப் பரப்பியது.

இப்போது எதிர்ப்பக்கத் தவறு வளர்ந்து வருகிறது. கவசத்தோடு ஓடும், உருளும் வீடியோக்களைப் பார்த்தவர்கள், அது சட்டை போட்டதுபோலத்தான் என்கிறார்கள். இதுவும் சரியில்லை. மூட்டுகள் மடங்கின, சிக்கல் மூச்சில் இருந்தது.

2011-இல் வெளியான லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், கவசச் சண்டையில் பழகியவர்களை மாதிரிக் கவசங்கள் அணியவைத்து டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் செய்து, மூச்சை அளந்தார்கள். நடக்கச் செலவான சக்தி, கவசமில்லாமல் நடப்பதைப்போல இருமடங்குக்கும் மேல். அதே எடையை முதுகில் சுமந்தால்கூட இவ்வளவு ஆகாது. காரணம் கால்கள்: தொடையிலும் கணுக்காலிலும் பாதத்திலும் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டும். மார்பைச் சுற்றியும் இரும்பு இருப்பதால் ஆழமாக மூச்சு வாங்க முடியவில்லை. மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு விட்டார்கள். வெயில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 1187 ஜூலையில் பாலஸ்தீனத்தின் ஹத்தீனில் நடந்த போரில், சிலுவைப் படையைப் போருக்கு முன்பே பாதி வீழ்த்தியது தாகம்.

1415 அக்டோபர் 25, வட பிரான்சின் அஜின்கோர்ட்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய போர். பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதற்குக் கனமான கவசமே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எதிரே நின்ற ஆங்கில வீரர்களும் அதே வகைக் கவசம்தான் அணிந்திருந்தார்கள். ஆங்கிலேயர் வில்லெட்டும் தூரம்வரை முன்னேறி, அங்கே நிலைகொண்டார்கள். பிரெஞ்சு வீரர்களோ, உழுது விதைத்து இரவெல்லாம் மழையில் ஊறிய வயலை மிதித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. முன்னே ஓடிக் கலைந்த குதிரைகள் அந்தச் சேற்றை இன்னும் கிளறிவிட்டிருந்தன. அம்புகளுக்கு அஞ்சி முகமூடியைத் தாழ்த்தித் தலையைக் குனிந்து நடந்தார்கள். காற்று குறைவு, பார்வை குறைவு, சேற்றில் புதையும் கால். வந்து சேர்ந்தபோதே களைத்துப்போனவர்களைப் பின்னிருந்த கூட்டம் நெருக்கியது. வெட்டக் கை ஓங்கவும் இடமில்லை. விழுந்தவர் தனியாக இருந்தால் எழுந்திருப்பார். அவர்மேல் இன்னொருவரும் விழுந்தார். மெலிதாக உடுத்திய வில்லாளிகள் வில்லைப் போட்டுவிட்டுச் சம்மட்டியோடு பாய்ந்தார்கள்.

அன்று பிரெஞ்சு முன்னணிப் படையை நடத்தியவர்களில் ஒருவர் பூசிக்கோ. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவரைச் சிறைப்பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் திரும்பாமலே 1421-இல் யார்க்‌ஷயரில் இறந்தார்.