டிராஃப்ட் லீக்கில் பிறர் கண்ணில் படாத வீரர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கின் அதிகாரப்பூர்வ ஃபேண்டசி விளையாட்டில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் வீரர்கள் உண்மையான ஆட்டங்களில் ஆடுவதைப் பொறுத்து உங்கள் கற்பனை அணிக்குப் புள்ளிகள் கிடைக்கும். இதில் இரண்டு வகைகள் உள்ளன. பெரும்பாலோர் ஆடும் வழக்கமான வகையில், கொடுக்கப்பட்ட கற்பனைப் பணத்துக்குள் 15 வீரர்களை வாங்க வேண்டும். ஒரே வீரரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2017/18 சீசனில் அறிமுகமான டிராஃப்ட் வகையில் பணத்துக்கு வேலையே இல்லை. லீக்கில் சேர்ந்த மேனேஜர்கள் முறைவைத்து ஆளுக்கொரு வீரராகத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் எடுத்துக்கொண்ட வீரர் அந்த லீக்கில் வேறு எவருக்கும் கிடைக்க மாட்டார். கேப்டன் கிடையாது. ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் கிடையாது.

தேர்வின் முதல் இரண்டு சுற்றுகளில் எந்த வீரர்கள் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே திறமைக்கு அதிக இடமில்லை. ஏழாவது சுற்றுக்குப் பிறகும், சீசன் தொடங்கிய பிறகு வெய்வரிலும் (எவரிடமும் இல்லாத வீரரைக் கோரிப் பெறும் முறை) நீங்கள் எடுக்கும் வீரர்கள்தான் உங்கள் அணியை மற்ற அணிகளிலிருந்து பிரித்துக் காட்டுவார்கள். அந்த வீரர்கள் யாரும் கேள்விப்படாதவர்களாக இருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் போன சீசனின் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்த சீசனில் ஆடும் நேரமோ பொறுப்போ மாறியிருக்கும் வீரரைத் தேடுவதே இந்த விளக்கத்தின் நோக்கம்.

படி 1: எந்த இடத்தில் ஆள் குறைவு என்று கணக்கிடுங்கள்

ஒவ்வொரு அணியிலும் 2 கோல்கீப்பர்கள், 5 தடுப்பாட்டக்காரர்கள், 5 நடுக்கள வீரர்கள், 3 முன்கள வீரர்கள் இருக்க வேண்டும். உங்கள் லீக்கில் 10 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 150 வீரர்கள் எடுக்கப்படுவார்கள். அதில் முன்கள வீரர்கள் 30 பேர். பிரீமியர் லீக்கில் இருப்பவை 20 கிளப்புகள். இன்று பல கிளப்புகள் ஒரே ஒரு முன்கள வீரரை வைத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்குகின்றன. எனவே வாரந்தோறும் களமிறங்கும் முன்கள வீரர்கள் எல்லோருக்கும் போதமாட்டார்கள். கடைசியில் எடுப்பவருக்கு மாற்று ஆட்டக்காரரே மிஞ்சுவார்.

தடுப்பாட்டத்தில் நிலைமை நேர்மாறானது. ஒரு கிளப்புக்கு நான்கு அல்லது ஐந்து பேர் என்று பார்த்தால் 80 முதல் 100 பேர் வரை தொடர்ந்து ஆடுகிறார்கள். உங்கள் லீக்கில் போவதோ 50 பேர்தான். அதனால் நல்ல தடுப்பாட்டக்காரர்கள் பன்னிரண்டாவது சுற்றிலும் கிடைப்பார்கள், டிராஃப்ட் முடிந்த பிறகும் மீதமிருப்பார்கள். புதியவர்கள் பலர் மூன்றாவது, நான்காவது சுற்றிலேயே பெரிய கிளப்பின் தடுப்பாட்டக்காரரை எடுத்துவிட்டு, முன்களத்தில் ஆள் இல்லாமல் தவிப்பதைப் பார்க்கலாம். ஒரு லீக்கில் 2 முதல் 16 பேர் வரை இருக்கலாம் என்பதால், உங்கள் லீக்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நான்கு பேர் மட்டும் உள்ள லீக்கில் இந்தத் தட்டுப்பாடு ஏறக்குறைய இருக்காது.

படி 2: எப்படிப்பட்ட வீரர்கள் கவனிக்கப்படாமல் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிராஃப்ட் திரையில் வீரர்கள் ஒரு தரவரிசைப்படி அடுக்கப்பட்டிருப்பார்கள். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலோர் அந்தப் பட்டியலின் மேற்பகுதியிலிருந்தே எடுப்பார்கள். நீங்கள் தேட வேண்டியவர்கள் அதன் நடுவிலும் அடியிலும் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே தங்கிவிடுவதற்குச் சில காரணங்கள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதற்காரணம், பொறுப்பு மாறியது கவனிக்கப்படாமல் போவது. பிரென்ட்ஃபோர்டின் பிரையன் எம்பியூமோ 2023/24 சீசனில் காயத்தால் பல வாரங்கள் ஆடவில்லை. 9 கோல்களோடு முடித்தார். 2024 ஆகஸ்ட் இறுதியில் ஐவன் டோனி சவூதி அரேபியாவுக்குச் சென்றதும் பெனால்டி அடிக்கும் பொறுப்பும் தாக்குதலின் மையமும் எம்பியூமோவிடம் வந்தன. அந்த சீசனில் அவர் 38 ஆட்டங்களிலும் ஆடி 20 கோல்கள் அடித்தார். அதே அணியின் யோவான் விஸ்ஸா 19 கோல்கள் அடித்தார். ஒரு கிளப்பின் முதன்மை கோல் அடிப்பவர் வெளியேறினால், அவருடைய கோல்கள் யாரிடம் போகும் என்ற கேள்வியை முதலில் கேட்பவருக்கே பலன் கிடைக்கிறது. பெனால்டி விஷயம் சாதாரணமானதல்ல: நான்கு பெனால்டிகளில் மூன்றுக்கு மேல் கோலாகின்றன, ஆட்டப் போக்கில் அமையும் மற்ற எந்த வாய்ப்புக்கும் அவ்வளவு உறுதி இருப்பது அரிது.

அடுத்தது, வீரர் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறார் என்பது. தடுப்பாட்டக்காரர் அடிக்கும் கோலுக்கு 6 புள்ளிகள், அணி கோல் வாங்காமல் முடித்தால் 4 புள்ளிகள். நடுக்கள வீரருக்கு இவை முறையே 5, 1. தடுப்பாட்டக்காரராகப் பதிவான ஒருவர் களத்தில் நடுக்களத்தில் ஆடினால் இரண்டு பக்கத்து லாபமும் அவருக்கே சேரும். 2019/20 சீசனில் ஷெஃபீல்ட் யுனைட்டட் அணியின் ஜான் லுண்ட்ஸ்ட்ரம் இப்படித்தான் ஃபேண்டசி ஆடுபவர்களின் செல்லப் பிள்ளையானார். அடுத்த சீசனில் லீட்ஸின் ஸ்டூவர்ட் டல்லாஸ், தடுப்பாட்டக்காரர் என்ற பதிவோடு 8 கோல்கள் அடித்தார். 2021 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியை அதன் சொந்த மைதானத்தில் 2–1 என்று வீழ்த்தியபோது இரண்டு கோல்களும் அவருடையவை. நடுக்கள வீரர் என்ற பதிவோடு முன்களத்தில் ஆடுபவரும் இதே வகைதான். 2012/13 சீசனில் ஸ்வான்சீயின் மிச்சு அப்படிப் பதிவாகி 18 கோல்கள் அடித்தார். எம்பியூமோவும் நடுக்கள வீரராகவே பதிவாகியிருந்தார்.

மூன்றாவது காரணம் வயதும் கிளப்பின் பெயரும். கிறிஸ் வுட் 2023/24 சீசனிலேயே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்காக 14 கோல்கள் அடித்திருந்தார். ஆனாலும் முப்பதைக் கடந்தவர், சென்ற ஆண்டு தரமிறக்கத்திலிருந்து தப்பிப் பிழைத்த அணிக்காரர் என்று பலர் அவரை ஒதுக்கினார்கள். 2024/25 சீசனில் அவர் 20 கோல்கள் அடித்தார். இத்தகைய வீரர்களை எடுக்கும்போது உற்சாகம் பிறக்காது. பதினேழு வயது இளைஞர் ஒருவரை எடுக்கும்போது பிறக்கும். டிராஃப்டில் அந்த உற்சாகத்துக்கு விலை கொடுக்காமல் இருக்கப் பழகுவது மிகவும் அவசியம்.

நான்காவதாக, 2025/26 சீசனில் வந்த புதிய விதி. பந்தை விலக்குதல், தடுத்தல், இடைமறித்தல், பறித்தல் ஆகியவற்றில் ஒரே ஆட்டத்தில் மொத்தம் 10 செய்யும் தடுப்பாட்டக்காரருக்கு 2 புள்ளிகள் கிடைக்கின்றன. நடுக்கள, முன்கள வீரர்களுக்கு, பந்தை மீட்டெடுப்பதையும் சேர்த்து 12 தேவை. இதனால் எப்போதும் முற்றுகைக்கு உள்ளாகும் சிறிய கிளப்பின் மையத் தடுப்பாட்டக்காரருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அவர் அணி 0–1 என்று தோற்றாலும், முழு ஆட்டமும் ஆடியதற்கு 2, தடுப்புச் செயல்களுக்கு 2 என 4 புள்ளிகள் வரும். அதே ஆட்டத்தில் கோல் வாங்காமல் இருந்திருந்தால் 8. பெரிய கிளப்பின் பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர், அணி கோல் வாங்கிவிட்டால், அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) ஒன்று இல்லாமல் அந்த 4 புள்ளிகளைத் தொடுவது கடினம்.

படி 3: ஆடும் நிமிடங்களைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. 60 நிமிடங்களோ அதற்கு மேலோ ஆடினால் 2 புள்ளிகள், குறைந்தால் 1 புள்ளி, களமிறங்காவிட்டால் ஒன்றுமில்லை. மொத்தப் புள்ளிகளை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு விதமான வீரர்கள் ஒன்றுபோலவே தெரிவார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘அ’ என்ற நடுக்கள வீரர் 3,200 நிமிடங்கள் ஆடி 130 புள்ளிகள் பெற்றார். ‘ஆ’ என்பவர் காயத்தால் 1,350 நிமிடங்களே ஆடி 90 புள்ளிகள் பெற்றார். பட்டியலில் ‘அ’ மேலே இருப்பார். புள்ளிகளை நிமிடங்களால் வகுத்து 90-ஆல் பெருக்கினால், ‘அ’ ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 3.7 புள்ளிகள், ‘ஆ’ சரியாக 6 புள்ளிகள். ‘ஆ’ குணமாகி, பயிற்சி ஆட்டங்களில் முதல் அணியோடு ஆடுகிறார் என்றால், அவர்தான் நீங்கள் தேடியவர்.

ஆனால் ‘ஆ’வின் நிமிடங்கள் குறைந்தது காயத்தாலா, பயிற்சியாளர் அவரை நம்பாததாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசி 20 நிமிடங்களில் களைத்த எதிரணிக்கு எதிராக இறங்கிக் கோல் அடிப்பவரின் சராசரி, முழு ஆட்டம் ஆடும்போது அப்படியே நிலைக்கும் என்று எண்ணக் கூடாது. எக்ஸ்ஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எதிர்பார்ப்புக் கோல் அளவும் இங்கே உதவும். அது கிடைத்த வாய்ப்புகளின் தரத்தை அளக்கிறது. ஒருவர் 5 கோல்களே அடித்திருந்தும் அவருடைய எக்ஸ்ஜி 9-ஐத் தொட்டிருந்தால், வாய்ப்புகள் அவரைத் தேடி வந்திருக்கின்றன என்று பொருள். கோல்கள் பின்னால் வர இடமுண்டு. இந்த அளவு 2022/23 முதல் ஃபேண்டசி தளத்திலேயே தரப்படுகிறது.

சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் யார் எத்தனை கோல் அடித்தார் என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். முதல் பதினொருவரோடு தொடங்கியது யார், கார்னர் அடிப்பது யார், பெனால்டிக்குப் பந்தைக் கையில் எடுப்பது யார் ஆகிய மூன்றையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: உங்கள் பட்டியலைத் தயாரியுங்கள்

மேலே சொன்னபடி தேறிய வீரர்களை விருப்பப் பட்டியலில் சேர்த்து, நீங்கள் விரும்பும் வரிசையில் அடுக்குங்கள். உங்கள் முறை வரும்போது நேரம் தீர்ந்துவிட்டால் தளமே உங்களுக்காக ஒருவரை எடுத்துவிடும். அந்தப் பட்டியல் இருந்தால் அது அதிலிருந்து எடுக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே வரியில் காரணம் எழுதி வைப்பது நல்லது: ‘பெனால்டி இவருக்கு வந்துவிட்டது’, ‘இடதுபுறத்தில் போட்டிக்கு ஆள் இல்லை’ என்பதுபோல. காரணம் எழுத முடியாத பெயரை நீக்கிவிடுங்கள்.

படி 5: டிராஃப்ட் நாளில் எப்போது எடுப்பது?

டிராஃப்டில் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் தலைகீழாகத் திரும்பும்: ஒரு சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். 10 பேர் லீக்கில் உங்கள் இடம் ஏழாவது என்றால், உங்களுக்கு வரும் தேர்வுகள் 7, 14, 27, 34, 47, 54 என்று போகும். 14-க்கும் 27-க்கும் இடையே மற்றவர்கள் 12 வீரர்களை எடுத்துவிடுவார்கள். 27-க்கும் 34-க்கும் இடையே 6 பேரை மட்டுமே எடுப்பார்கள். நீண்ட இடைவெளிக்கு முன்புதான், ‘அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் ஆபத்தானது. தளத்தின் தரவரிசையில் உங்கள் வீரர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். அடுத்த 12 பேருக்குள் அவர் பெயர் வந்தால் இப்போதே எடுங்கள். முப்பது இடங்கள் கீழே இருந்தால் காத்திருக்கலாம். பத்தாவது சுற்றில் கிடைப்பவரை நான்காவது சுற்றில் எடுத்தால் அவரைக் கண்டுபிடித்த பலனே போய்விடும்.

என் பரிந்துரை இது: முதல் ஆறு சுற்றுகளில் வாரந்தோறும் ஆடும் உறுதியான வீரர்களை எடுங்கள், அதில் குறைந்தது இருவர் முன்களத்தவராக இருக்கட்டும். ஏழு முதல் பதின்மூன்று வரை உங்கள் பட்டியலுக்கான சுற்றுகள். கோல்கீப்பரை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். 10 பேர் லீக்கில் 20 பேர் போவார்கள், 20 கிளப்புகளுக்கும் முதல் கோல்கீப்பர் உண்டு. கடைசிச் சுற்றில், நீங்கள் ஏற்கெனவே எடுத்த கோல்கீப்பருடைய கிளப்பின் மாற்றுக் கோல்கீப்பரை எடுத்துவைப்பது, மற்ற மேனேஜர்கள் எட்டிப் பார்க்காத, செலவில்லாத பாதுகாப்பு.

படி 6: சீசன் தொடங்கிய பிறகும் தேடலைத் தொடருங்கள்

கவனிக்கப்படாத வீரர்களில் மிகச் சிறந்தவர்கள் சில நேரம் டிராஃப்ட் நாளில் அந்தக் கிளப்பிலேயே இருப்பதில்லை. கோல் பால்மர் 2023 செப்டம்பர் 1 அன்றுதான் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து செல்சீக்கு மாறினார். அதுவரை சிட்டிக்காக லீக் ஆட்டங்களில் அவர் ஒரு கோலும் அடித்திருக்கவில்லை. அந்த சீசனில் அவர் 22 கோல்கள் அடித்தார், அவற்றில் 9 பெனால்டிகள். ஜெஸ்ஸி லிங்கார்ட் 2021 ஜனவரியில் கடனாக வெஸ்ட் ஹாமுக்குச் சென்று 16 ஆட்டங்களில் 9 கோல்கள் அடித்தார். வீரர் மாற்றச் சாளரம் (வீரர்கள் கிளப் மாற அனுமதிக்கப்படும் காலம்) மூடும் வாரத்தில், கோடையிலும் ஜனவரியிலும், ஒவ்வொரு செய்தியையும் ஆடும் நிமிடங்களைக் கொண்டே எடைபோடுங்கள்: இவர் புதிய கிளப்பில் யாருடைய இடத்தில் ஆடுவார்?

எவரிடமும் இல்லாத வீரரைப் பெற முதலில் வெய்வர் கோரிக்கை வைக்க வேண்டும். அந்த வாரத்துக்கான அணியை உறுதிசெய்யும் கெடுவுக்கு 24 மணி நேரத்துக்கு முன் கோரிக்கைகள் வரிசைப்படி தீர்க்கப்படும். அதன் பிறகு மிஞ்சியவர்களை யார் முந்துகிறாரோ அவரே எடுத்துக்கொள்ளலாம். கோரிக்கைகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்து, பிறகு கெடுவரை செய்தியாளர் சந்திப்புகளில் வெளிவரும் காயத் தகவல்களைக் கவனியுங்கள்.

மற்றவர்கள் பொறுமையிழந்து விடுவிப்பவர்களையும் பார்த்துக்கொண்டிருங்கள். ஆப்பிரிக்கக் கோப்பை 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை மொராக்கோவில் நடந்தது போன்ற காலங்களில், நாட்டு அணிக்காக ஆடச் சென்று சில வாரங்கள் இல்லாத வீரரை வைத்திருக்க முடியாமல் சிலர் கைவிடுவார்கள். பெஞ்சில் ஓர் இடத்தை ஒதுக்க முடிந்தால் அவரை எடுத்து வையுங்கள். அந்த இடத்துக்காக விடுவிக்க வேண்டியவர், உங்கள் பட்டியலில் எழுதிய காரணம் பொய்த்துப்போன வீரர்: பெனால்டி வேறொருவரிடம் போய்விட்டது, அல்லது அவருடைய இடத்தில் வேறொருவர் தொடர்ந்து மூன்று ஆட்டங்களைத் தொடங்கிவிட்டார். ஓர் ஆட்டத்தில் கோல் அடிக்கவில்லை என்பது மட்டும் அவரை விடுவிக்கப் போதுமான காரணமல்ல.